கடலுக்குள்ள நின்னு எடுத்த போட்டோ

அடியே தனம்,

முதல்ல என் மானம் போன கதையைச் சொல்லிடுறேன். உன் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போனோம்ல, அங்க நான் எடுத்த முதல் போட்டோவுல கடலும் இல்லை, கலயமும் இல்லை. என் மூக்கு ஓட்டை ரெண்டும்தான் இருந்துச்சு. எதை அமுக்கினேனோ, பார்க்காமலே செல்விக்கு அனுப்பியும் விட்டேன். நீ போனதுக்கப்புறம் நம்ம மக சிரிச்சது அப்பத்தான்.

அவளை ஊருக்கே வரவிடலை. நிறைமாசக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாதுன்னு உன் அண்ணன்மாரு ஒரே பிடியா நின்னாக. நீ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப? ஏலக்காட்டு வேலைக்குப் போற போடிமெட்டு ஜீப்புல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்ச உன்னை வீட்டுக்குக் கொண்டாந்தப்போ, அவ திருப்பூர்ல போனைக் காதுல வச்சு அழுதுக்கிட்டிருந்தா. உன் மூஞ்சியைக் கடைசியா அவ பார்க்கலை. "அண்ணன் அம்மாவைக் கரைக்கிறதையாவது நல்லா எடுத்து அனுப்புங்கப்பா, கும்பிட்டுக்கிறேன்"னு கேட்டா.

என் போட்டோ யோக்கியதை உனக்குத் தெரியும். ஏலக்காட்டுல நோய் விழுந்த செடியை எடுத்து முதலாளிக்கு அனுப்புறவன். மரநிழல்ல எப்பவும் இருட்டு, அதனால வெளிச்சம் வர்ற பக்கமாவே செல்போனை நீட்டிப் பழகிட்டேன். கரையில நின்னும் அதே சோலிதான். எந்திரிக்கிற சூரியனைப் பார்த்து நீட்டினேன். முழங்கால் தண்ணியில கலயத்தோட நின்ன நம்ம மகன் மணி, அடுப்புக்கரி மாதிரி விழுந்தான்.

உடனே போன். "அப்பா, அண்ணன் எது, படகு எதுன்னே தெரியலை. வெயிலு உங்க முதுகுல அடிக்கணும்ப்பா."

"அதுக்கு நான் கடலுக்குள்ளல்ல நிக்கணும்?"

"நில்லுங்க."

வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மணியைத் தாண்டி இடுப்பளவு தண்ணிக்குப் போனேன்டி. "எப்பா, விழுந்துறாதீக. ரெண்டு பேருக்குமா மந்திரம் சொல்ல வச்சிராதீக"ன்னான். மந்திரம் சொன்ன அய்யரு, "கரைக்க வந்தேளா, படம் பிடிக்க வந்தேளா? பின்னாடி ஆள் காத்திண்டிருக்கு"ன்னு சத்தம் போட்டாரு.

மணி கலயத்தைக் கவுத்தினான். வெயிலு அவன் மூஞ்சியில நேரா விழுந்துச்சு. சின்னப் பிள்ளையில கூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தண்ணியில வெள்ளையாப் பரவின உன்னையும் சேர்த்து அமுக்கினேன். அந்த ஒண்ணுதான் தெளிவா விழுந்துச்சு.

அதை அனுப்பி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் செல்வி கூப்பிட்டா. மூக்கடைச்ச குரலு. "இப்பத்தான்ப்பா மனசு நம்புது."

தைரியமா இரு தனம். அவளுக்கு வலி எடுத்ததும் வெரசா திருப்பூருக்குப் போயிருவேன். நீ பார்க்க வேண்டிய பேறுகாலத்தை நானே பார்க்கிறேன். பூண்டுக் குழம்பு கரிஞ்சாலும் மறுபடி வச்சுக் குடுப்பேன். இது உனக்கு நான் குடுக்கிற வாக்கு.

போனை வைக்கிறதுக்கு முன்னாடி அவ ஒண்ணு கேட்டா: "அம்மா எந்தப் பக்கமாப்பா போச்சு?"

"நேரா கடலுக்குள்ள போயிருச்சு ஆத்தா"ன்னேன்.

அலை உள்ள இழுத்தப்போ நீ என் இடுப்பைச் சுத்திக்கிட்டு நின்னதையும், அய்யரு கத்தக் கத்த நான் நகராம நின்னதையும் அவகிட்டச் சொல்லலை.

உன் வீட்டுக்காரன்,
செல்விக்கும் மணிக்கும் அப்பன்