அப்பா குடித்த பூக்கள்

சேசு மரி சூசை துணை

கதிரவெளி
04.06.1963

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கு சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். இவர் பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறார். உன்னையும் அப்பாவையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். வீட்டில் வேலை கூட, அதனால்தான் ஊருக்கு வர முடியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கடலுக்கும் உப்புக் களப்புக்கும் நடுவே ஒரே மணல். ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை, ஆனாலும் ஆவரசு மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறது. பாதைக்கு இடைஞ்சல் என்று போன மாதம் இவர் வெட்டினார். அடியிலிருந்து திரும்பவும் துளிர்த்துவிட்டது. கன்னியர் மடத்துப் போடிங்கில் தங்கிப் படித்தபோது உனக்கு அனுப்பியதுபோல மூன்று பூ இதற்குள் வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை
மார்கிறட்

புளியந்தீவு
15.06.1963

என் அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. கடுதாசியில் பாதி வெறுமையாய்க் கிடக்கிறது, அவ்வளவு வேலையா உனக்கு? கலியாணம் முடிந்து பதினொரு மாதம். ஒரு தடவை தலையைக் காட்டினாயா? அப்பா வாசலில் கதிரையைப் போட்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்தபடி இருக்கிறார்.

பூவைக் கண்டதும் அவருக்கு வந்த புளுகமும் சந்தோஷமும்! "என்ட பிள்ளை என்ட சீனி வருத்தத்தை மறக்கல்ல, மருந்துப் பூ அனுப்பியிருக்கா" என்று கேத்திலில் போட்டு அவித்துக் குடித்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்க மண்டிதான் மிச்சம். இன்னும் அனுப்பட்டாம்.

உன் மாப்பிள்ளை வின்சன்றுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அக்கா செசீலியா

கதிரவெளி
20.07.1963

அக்கா,

மீன் வாங்க வரும் ஆதம்பாவா காக்காவிடம் இதை யன்னலால் கொடுத்துவிடுகிறேன். இவர் கண்ணில் படாத முதல் கடிதம் இதுதான்.

உனக்கென்ன மண்டை மரத்துப்போச்சா? போடிங்கில் மதர் எங்கள் கடிதமெல்லாம் வாசிப்பா என்றுதானே பூ வைத்தோம்? மஞ்சள் பூ வந்தால் என்னை வந்து கூட்டிக்கொண்டு போ என்று அர்த்தம், நீதானே பேசிவைத்தாய்? அன்றைக்கு அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாயே! இப்போது முதல் கடிதத்தில் வைத்தேன், பிறகும் இரண்டு கடிதத்தில் வைத்தேன். மூன்று தரமும் அப்பா அவித்துக் குடித்தார் என்றே எழுதுகிறாய். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

இவர் வெளியில் போகும்போது கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்கிறார். பூசைக்கும் விடுவதில்லை. யன்னலால் அந்த ஆவரசு மட்டும்தான் தெரியும். நீங்கள் வந்து கேட்டாலும் அனுப்பமாட்டார். "செத்த வீடு எண்டா மட்டும் இந்தப் படியத் தாண்டலாம்" என்கிறார்.

எனக்குப் பயமாயிருக்கிறது அக்கா.

மார்கிறட்

புளியந்தீவு
24.07.1963

என் குஞ்சு,

எப்படித்தான் மறந்தேனோ! என்னை நானே மன்னிக்கமாட்டேன். இதையும் ஆதம்பாவா காக்காவிடமே கொடுத்துவிடுகிறேன், வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதத்தை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கேத்திலைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தார். பிறகு ஒரு கடுதாசி கேட்டார்.

சனிக்கிழமை உனக்குத் தந்தி வரும். அப்பா காலமானார், உடனே வரவும் என்று இருக்கும். பயந்துவிடாதே. அதை அப்பாவே தன் கையால் எழுதிவைத்திருக்கிறார். கன்னியர் மடத்தில் படித்த நான் பொய்த் தந்தி அடிப்பதா என்று தயங்கினேன். "பிள்ளை கூப்பிட்ட பூவைக் குடிச்சவன் நான். அப்ப நான்தானே சாகோணும்" என்றார்.

தந்தி வந்ததும் வின்சன்றுக்கு முன்னால் நல்லாய்க் குழறி அழு. கறுப்புச் சீலை உடுத்துக்கொள். அம்மாவின் செபமாலையை மறக்காமல் எடு. வேறொன்றுக்காகவும் நீ அங்கே திரும்பிப் போகக்கூடாது.

வின்சன்றும் உன்னோடு பஸ் ஏறி வருவார். வரட்டும். அப்பா வாசலில் கதிரையைப் போட்டு இருப்பார்.

உன் அக்கா
செசீலியா