எருமையோடு போன கொக்குகள்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை

நாளை காலை பெரிய அதிகாரி பூங்காவைப் பார்க்க வருகிறார். பீங்கான் கம்பெனிகளுக்குக் களிமண் வெட்டிய பள்ளத்தில் இப்போது பறவைகள் தங்குகின்றன என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டியவன் பூங்காவின் பொறுப்பாளனான நான்.

இன்று வேலி அடைத்து முடித்தோம். வழக்கமாக இங்கே எருமை மேய்க்கும் அஞ்சலை அக்காவிடம், தண்ணீரில் கிடந்த எருமைகளை வெளியே ஓட்டச் சொன்னேன். அக்கா ஓட்டிக்கொண்டு போனார். எருமைகள் கிளப்பும் பூச்சிகளுக்காகக் கரையில் நின்ற கொக்குகளும் எழும்பி எருமைகளின் பின்னாலேயே போய்விட்டன. பொழுது சாயும்வரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. தண்ணீரும் ‘பறவைகள் பூங்கா’ என்ற பலகையும்தான் மிச்சம்.

வேறு வழியில்லாமல் அக்கா வீட்டுக்குப் போனேன்.

“காலையில எருமைங்கள உள்ள ஓட்டிட்டு வாங்கக்கா.”

அக்கா சாணி அள்ளுவதை நிறுத்தவில்லை. “ஒங்களுக்கு எருமை வேணுமா, கொக்கு வேணுமா?”

“கொக்குதாங்க்கா.”

“அப்ப கொக்கையே கூப்புடுங்க சார்.”

கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கெஞ்சினேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

“சரி, ஓட்டிட்டு வரேன். அவரு போன பொறவு திரும்பத் தொரத்த மாட்டீங்களே?”

“மாட்டேங்க்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாடு உள்ளே வரக் கூடாது, வேலி போடு என்று சொன்னதே அந்த அதிகாரிதான். அதை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை.