உங்கள் பக்கத்து இடம்

என் பிரியமானவருக்கு,

மழை விட்ட மஞ்சள் வெயிலில், ராஜா அண்ணாமலைபுரம் கல்லறைத் தோட்டம் முழுக்கத் தட்டான்கள் பறந்தன. உங்கள் பக்கத்தில் எனக்கென்று விட்டிருந்த இடத்தை நேற்று தோண்டினார்கள். எல்லாமே கனவில் நடப்பதுபோல மெதுவாக நடந்தது. பயப்படாதீர்கள், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

சைதாப்பேட்டை சொர்ணம் இறந்துவிட்டாள். ஞானஸ்நானம் எடுத்தவள் என்று அவள் வீட்டார் யாரும் உடலை வாங்க வரவில்லை. நான் போனேன்.

"அவங்க உங்களுக்கு இன்னா வேணும்மா?" என்று பிணவறைக்காரர் கேட்டார். கூட வந்த சபையார் தரையைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி" என்றேன்.

நீங்கள் அவளைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவளைக் குளிப்பாட்டி என் கல்யாணப் புடவையைக் கட்டிவிட்டேன். கூந்தலில் தாழம்பூத் தைலம் மணத்தது. அந்த வாசனை எனக்குப் புதிதில்லை. உங்கள் சட்டைகளைத் துவைத்தவள் நான்தானே.

இயேசுவின் உடலைத் துணிந்து கேட்டு வாங்கித் தன் கல்லறையில் வைத்தாரே ஒருவர், அவருக்கு மூன்றாம் நாளே அது காலியாகத் திரும்பக் கிடைத்தது. எனக்குக் கிடைக்காது. தெரிந்துதான் கொடுத்தேன்.

அவளிடமாவது என்னைப் பற்றிப் பேசுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா