நீளமான மஞ்சள் குச்சிகள்

9.8.1988, செவ்வாய்

என் வகுப்புச் சுமதியின் மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பெட்டியை இன்று பார்த்தேன். துளை போட்ட வண்ணப் பந்துகள், அவற்றில் செருகுவதற்குக் குச்சிகள். நாளை பள்ளிக் கண்காட்சியில் அவள் வைக்கப்போவது அதில் செய்த மூன்றடுக்குக் கோபுரம். நான் வைக்கப்போவது துடைப்பக் குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் சேர்த்துச் செய்த சதுரக் கூடு. "கொசுவலை கட்டவாடி இது?" என்று அம்மாவே கேட்டாள்.

பருத்திப்பட்டு ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினாள். மறுபடியும் சாய்ந்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"இன்னாடி, நிக்கவே மாட்டேங்குது?" என்றாள்.

"பந்தெல்லாம் லூசா இருக்குடி," என்றேன்.

பிறகு நீளமான மஞ்சள் குச்சிகளைக் கட்டாக என்னிடம் நீட்டினாள். "இதெல்லாம் தப்பு அளவுல வந்துகீது. எந்தப் பக்கத்துக்கும் சேரல. உன் கூட்டுக்கு ஆவும், எத்துக்கினு போ."

அவை பக்கத்துக்கான குச்சிகளே இல்லை. சதுரத்தின் குறுக்கே மூலைக்கு மூலை போட வேண்டியவை. போட்டால் சதுரம் இரண்டு முக்கோணமாகி அசையாமல் நிற்கும். என் கூடு நிற்பதே அப்படித்தான். சொல்ல வாய்வரை வந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வைத்துப் பார்த்தேன். என் கூட்டைவிடப் பெரிய குச்சிகள். எனக்கு ஒன்றுக்கும் உதவாது.

நாளைக் காலையில் கோபுரம் சாயாமல் கூடவே பிடித்துக்கொண்டு வர என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.