அன்புடன் அறியத்தருகிறோம்

மார்ச் 9, ஞாயிறு

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியது எங்கள் ஆட்கள். இராணுவம் இல்லை, சிங்களவர் இல்லை. துப்பாக்கி தூக்கிய இயக்கம் விரட்டியது, ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த அகதி முகாமில் ஐம்பது வயது தாண்டிய எல்லோருக்கும் தெரியும். இன்று ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

வெயில். பங்குனி பிறக்கவே இல்லை, அதற்குள் ஷீட் கூரை சுடுகிறது.

சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் நான்கு பேர் வந்தார்கள். முகாம் மண்டபத்தில் கூட்டம். சார்ட் பேப்பரில் ‘நிலையான சமாதானம்’, பச்சை ஸ்கெட்ச் பேனா. சமோசா, டீ. அப்பாவைப் பேசச் சொன்னார்கள், குரல் நன்றாக இருக்கும் என்பதால். சித்தப்பாவைப் பற்றிப் பேசினார். அப்பாவின் தம்பி, பத்தொன்பது வயது, இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு தகவலே இல்லை.

“கொண்டுபோனவன் ஆரெண்டாலும் வந்து, ஓம், நாந்தான் எண்டு சொல்லட்டும். வேற ஒண்டும் வேண்டாம். அதுக்குப் பிறகு சமாதானம் கதைப்பம்.”

எல்லோரும் அழுதார்கள். நானும்தான். நான் இங்கே பிறந்தவள், மன்னாரைப் பார்த்ததில்லை, சித்தப்பாவை ஒரே ஒரு போட்டோவில் தெரியும். இருந்தும் அழுகை வருகிறது.

பிறகு வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டாள்: “நம்ம பக்கத்துலேருந்து மத்தவங்களுக்கு ஏதாவது தப்பு நடந்திருக்கா?”

முகாம் தலைவர் எழுந்தார். “டீ ஆறுது பிள்ளையள், எடுங்கோ.”

மார்ச் 11, செவ்வாய்

6.40 பஸ்ஸைத் தவறவிட்டேன். ஷேர் ஆட்டோ. தொழிற்சாலையில் லேட் போட்டுவிட்டார்கள்.

வாங்க வேண்டியவை: தலைவலி மாத்திரை, அப்பாவுக்கு பேட்டரி, சோப்பு.

ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைன். பி.காம். படித்துவிட்டு ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடி ஷூ நாக்கு தைக்கிறேன். அரசாங்க வேலைக்கு மனு போட முடியாது, குடியுரிமை இல்லை. ஆம்பூரில் பிறந்தும் நான் வந்தவள்தான்.

எனக்குப் பக்கத்து மேசையில் ரஹ்மத் அக்கா. ஓரத்துக்குப் பசை தடவுகிற வேலை. நாற்பத்தாறு வயது இருக்கும். நோன்பு. பசை நாற்றத்தில் எட்டு மணி நேரம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சூப்பர்வைசர் இன்றும் வந்தார்: “அக்கா, ஸ்பீடு கம்மியா இருக்கு.” அக்கா தலையைத் தூக்கவில்லை.

லைனில் மற்ற முஸ்லிம் பெண்கள் எல்லாம் உருதுதான் பேசுவார்கள். அக்காவும் பேசுவார், வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டுக் கற்றுக்கொண்டது. போன வருடம் ஒருநாள் அவசரத்தில் என்னிடம், “கெதியாத் தா, மகள்” என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். சீக்கிரம் என்பதற்கு ‘கெதியா’ என்ற வார்த்தை ஆம்பூரில் எங்கள் முகாமைத் தவிர எங்கும் கிடையாது.

“நீங்க எவடம்?” என்று கேட்டேன்.

“மன்னார்ப் பக்கம்,” என்றார். “நீ?”

“அப்பா மன்னார்.”

மறுநாள் எனக்கு நெத்தலிக் கருவாடு கொண்டுவந்தார். அதிலிருந்து எங்களுக்குள் ஊர்ப் பேச்சுதான், யாருக்கும் கேட்காத குரலில். ஏன் ஊரைவிட்டு வந்தார் என்று நான் கேட்டதில்லை. தெரியும், அதனால் கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறார். அறிவிப்புகளைப் பேசிப் பதிவு செய்து கொடுப்பார், ஆட்டோ ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும். கோயில் திருவிழா, மருத்துவ முகாம், ஜவுளித் தள்ளுபடி. இப்போது ரம்ஜான் விற்பனை. இந்த ஊரில் ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ என்பார்கள். அப்பாவுக்கு அது வராது, ‘அன்புடன் அறியத்தருகிறோம்’தான் வரும். கடை முதலாளி திருத்திப் பார்த்து விட்டுவிட்டார்.

ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தோம். ஆட்டோ போனது.

“...ரம்ஜானை முன்னிட்டு அனைத்து ஆடைகளுக்கும் சிறப்புத் தள்ளுபடி என்பதை அன்புடன் அறியத்தருகிறோம்.”

எங்கள் லைனில் வேலை செய்யும் சுமதி சிரித்தாள். “இன்னாடி இவரு, பேண்ட் துணி விக்கச் சொன்னா கல்யாணப் பத்திரிகை படிக்கிறாரு.” எல்லோரும் சிரித்தோம். அது என் அப்பா என்று லைனில் யாருக்கும் தெரியாது. எனக்குக் கூச்சம், அதனால் சொன்னதில்லை.

ரஹ்மத் அக்கா சிரிக்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோன்பு மயக்கம் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். ஆட்டோ திரும்பி மறுபடி வந்தது. மறுபடி அதே வாக்கியம்.

இந்தக் குரலை முன்பும் கேட்டிருப்பதாக பஸ் ஸ்டாப்பில் சொன்னார். அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிவாசல் தெருவில் ஒரு வான், மேலே குழாய் ஸ்பீக்கர். முஸ்லிம் மக்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டும் என்பதை அன்புடன் அறியத்தருகிறோம். மூன்று தரம் போய் வந்தது. அடுப்பில் சோறு. உம்மா அதை வடிக்கவா விடவா என்று அவரைக் கேட்டாராம், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை. பிறகு கடற்கரை, வள்ளம், புத்தளத்தில் ஓலைக் கொட்டில்.

“சுடுவன் எண்டு துவக்கைக் காட்டி விரட்டினவன் கனபேர் மகள். அன்புடன் எண்டு விரட்டினது அவன் ஒருத்தன்தான்.”

பஸ் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

நேராகக் கேட்டேன். அப்பா வாசலில் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பள்ளிவாசல் தெருவில அறிவிச்சது நீங்களா?”

துடைப்பது நிற்கவில்லை.

“ஆர் சொன்னது?”

“நீங்களா?”

“மைக் கடையில நிண்டனான். வான் வந்தது. தாளில எழுதித் தந்தவங்கள், வாசிச்சன். இருபத்தொரு வயசு. பக்கத்தில துவக்கோட ரெண்டு பேர்.”

“அன்புடன் எண்டு எழுதியிருந்ததா?”

இப்போது கை நின்றது. மைக்கைக் கீழே வைத்தார்.

“இல்ல. அது தாளில இல்ல. அது... பழக்கத்தில வந்திட்டுது.”

சாப்பிடவில்லை, இருவரும்.

மார்ச் 16, ஞாயிறு

சண்டை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அப்பா: நாங்கள் மட்டுமா செய்தோம்? ஆமிக்காரங்கள் செய்ததை எவன் வந்து சொன்னான்? நான் வாசிக்காவிட்டால் இன்னொருத்தன் வாசித்திருப்பான்.

நான்: சித்தப்பாவைக் கொண்டுபோனவனும் இதைத்தான் சொல்லிக்கொண்டு எங்கேயோ வீட்டில் இருப்பான். கொண்டுபோகச் சொன்னார்கள், கொண்டுபோனேன். நான் இல்லாவிட்டால் இன்னொருத்தன். அவனுக்கும் ஒரு மகள் இருப்பாள்.

சொல்லியிருக்கக்கூடாது. அப்பா முகம் போன விதம். சித்தப்பா போட்டோவை இறக்கித் துடைத்துத் திரும்ப மாட்டினார். கோணலாக மாட்டினார், சரிசெய்யவில்லை.

போன ஞாயிறு மண்டபத்தில் அழுதோமே எல்லோரும். எதற்கு? எங்களிடம் உண்மையைச் சொல் என்று உலகத்தைக் கேட்கிறோம். எங்களிடம் யாராவது கேட்டால் டீ ஆறுகிறது.

துணி துவைக்கவில்லை. யூனிஃபார்ம் ஒன்றுதான் சுத்தம்.

மார்ச் 18, செவ்வாய்

ர. அக்காவிடம் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில், மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட்டது இவ்வளவுதான்: “மெலிஞ்ச ஆளா?”

“இப்பவும் மெலிவுதான்.”

“வானுக்குள்ள முகம் தெரியேல்ல.” பிறகு, “நீ அவருக்குப் பொறந்தனி. என்ட கையால கருவாடு திண்டனி.” சிரித்தாரா என்று தெரியவில்லை.

அப்பாவை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்றேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

“மன்னிப்பு வேணாம். கேட்டா நான் குடுக்கோணும். அது எனக்கு இன்னுமொரு வேலை.”

“வேற என்ன வேணும்?”

“போகச் சொல்லி மைக்கில சொன்னது. வரச் சொல்லி ஒருத்தரும் மைக்கில சொல்லேல்ல. சண்டை முடிஞ்சுது, இனிப் போகலாம் எண்டு பேப்பரில வந்தது. சட்டம் போகலாம் எண்டுது. ஊர் கூப்பிடேல்லயே. எங்கட உம்மா ஆராவது கூப்பிடுவினம் எண்டு பாத்துப் பாத்துப் புத்தளத்திலயே மவுத்தாகிட்டா.” பசை காய்ந்த விரல் நுனியை உரித்துக்கொண்டே சொன்னார். “அந்தக் குரல் ஒருக்கா வரச் சொல்லட்டும். அதே மாதிரி. அன்புடன்.”

“இங்க சொல்லி என்ன அக்கா? ஊர் அங்க இருக்கு.”

“எனக்குக் கேட்டாப் போதும்.”

வந்து அப்பாவிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 20, வியாழன்

அப்பா இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. முதலாளி போன்: “இன்னா சார், உடம்பு சரியில்லையா? நிறைய ரெக்கார்டிங் கெடக்குது, ஒரே பேஜாரா இருக்கு.” காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

லைனில் ர. அக்கா வழக்கம் போல. நாக்குத் துண்டுகளை என் பக்கம் தள்ளுகிறார். ஊர்ப் பேச்சு இல்லை. “மகள்” இல்லை.

மார்ச் 22, சனி

முகாம் பதிவுக்கு வரிசை. வெயிலில் ஒன்றரை மணி நேரம். பேரைக் கூப்பிட்டால் ‘இருக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். இருக்கிறோம் என்று மாதாமாதம் நிரூபிக்கிற ஜனம்.

மாலை அப்பா கடையிலிருந்து சின்ன ஆம்ப்ளிஃபயர், மைக், ஒரு பெட்டி ஸ்பீக்கர் எடுத்து வந்தார். “டெஸ்ட் பண்ண,” என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்து: “நாளைக்கு வரச் சொல்லு.”

அக்காவுக்கு போன் செய்தேன். “நோன்பு திறக்க முன்னம் வாறன்,” என்றார்.

வீடு கூட்டினேன். போட்டோவை நேராக்கினேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஐந்தரைக்கு வந்தார். கறுப்பு புர்கா, கையில் தொழிற்சாலை லஞ்ச் பை. முகாம் தெருவே எட்டிப் பார்த்தது. தலைவர் வந்து, “ஆர் பிள்ளை, விருந்தாளி?” என்றார். “ஊர்க்காரர்,” என்றேன். ஊரின் பேரைச் சொன்னேன், பள்ளிவாசல் தெரு என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது. போய்விட்டார்.

அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அப்பா தரையில், மைக் முன்னால். சலவைச் சட்டை போட்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“தண்ணி...” என்று அப்பா தொடங்கி, நோன்பு நினைவு வந்து நிறுத்தினார்.

அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஷூ சைஸ் ஸ்டிக்கர் உரித்த தாள், பின்பக்கம் பால்பாயிண்ட். பள்ளிவாசல் தெருவின் பதினான்கு வீடு, திரும்பி வரச் சொல்ல வேண்டியவர்கள். காசிம் மரைக்கார் வீடு. சுல்தான் சம்மாட்டி வீடு. தையல்கார உவைஸ் வீடு. கடைசியில் அவருடைய உம்மா பேர்.

“நீங்க தாள் இருந்தா வாசிப்பீங்களாம். எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்.”

அப்பா கண்ணாடியைப் போட்டார். ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார். ஸ்பீக்கரில் இரைச்சல். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். அவர் மூச்சு வீடு முழுக்கக் கேட்டது. இன்று காலை வரை நான் இவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தத் தாளைப் பிடுங்கி நானே வாசித்துவிடலாமா என்று இருந்தது. வாசிக்கக்கூடாது. அக்கா கேட்டது என் குரல் இல்லை.

மூச்சு. இரைச்சல். இருபது நிமிடம் இருக்கும். முப்பத்திநாலு வருடத்துக்கு மேல் தினமும் மைக் பிடித்த ஆள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அந்த ஸ்பீக்கர் தெளிவாகக் கேட்டது. அக்கா பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்தார், தண்ணீர் குடித்தார். இன்னொரு பழத்தை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கினார். சாப்பிடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

பாங்கு முடிந்தது. மைக் இன்னும் ஆனில்தான் இருந்தது.

“இப்பச் சொல்லுங்க அண்ணன்,” என்றார் அக்கா.