முதலில் வரும் சிறு நீர்

11 ஜனவரி 1993

இதுவரை என் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இன்று முதல் நடந்ததை எழுதப் போகிறேன். காலையில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிடித்துக் கட்டினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நோட்டில் எருமை மறுபடியும் ஓடுகிறது.

13 ஜனவரி

பஸ்ஸின் நெற்றியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஓசூர், பாகலூர். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் சிரிப்பு.

16 ஜனவரி

என் மனைவி முனிலட்சுமி கன்னடம்தான் பேசுவாள். எங்கள் வீட்டுப் பேச்சே அதுதான். ஆனால் எனக்குத் தெரிந்தது இந்த வயதில் அறிவொளி வகுப்பில் கற்ற தமிழ் எழுத்து மட்டும். அதனால் இந்த நோட்டில் அவளும் தமிழ்தான் பேசியாக வேண்டும். அவளிடம் இதைச் சொன்னேன்.

“என்னைக் கேக்காமலே என்னைத் தமிழ்ல பேச வெச்சிட்டீங்களா” என்றாள். “நல்லதாவே பேச வைங்க.”

19 ஜனவரி

மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர்கள் வந்து ஊரில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்து ரத்தம் எடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் கிட்னி கெட்டுப்போகிறவர்கள் எத்தனை பேர், ஏன் கெடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். முடியாதவர்களுக்கு மருந்தும் கொடுத்துப் பார்ப்பார்களாம். தலைமை ஒரு டாக்டரம்மா. முனிலட்சுமியின் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி அப்படியே நின்றது. காலையில் அவள் முகமும் வீங்கித்தான் இருக்கிறது. நான் வெயில் என்று நினைத்திருந்தேன்.

கையெழுத்து கேட்டார்கள். மற்றவர்கள் கட்டைவிரலை நீட்டினார்கள். நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

2 பிப்ரவரி

நர்ஸ் ஜோதியம்மாள் வந்தது. முனிலட்சுமிக்கு ரத்தத்தில் ஏதோ கூடியிருக்கிறதாம், இன்னொரு சோதனை வேண்டுமாம். ஒரு வெள்ளைக் கேனும் ஒரு அச்சடித்த காகிதமும் கொடுத்து, “எப்படின்னு சொல்றேன், கேட்டுக்கங்க” என்றது.

“அச்சுலதானே இருக்குது? நான் படிச்சுக்கறேன். நீ அடுத்த வீட்டைப் பாரும்மா” என்றேன்.

“நெஜமாவா தாத்தா?”

முதல் வரியை உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. “அப்ப எனக்கு வேலை மிச்சம்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டது.

என் வாழ்நாளில் ஒரு அரசாங்க ஆள், என்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, இவனுக்கு விளங்கும் என்று நம்பிப் போனது இன்றைக்குத்தான்.

3 பிப்ரவரி

காகிதத்தில் உள்ளதைப் பார்த்து எழுதுகிறேன்: “காலையில் முதலில் வரும் சிறுநீரை விட்டுவிடவும். அதன் பிறகு மறுநாள் காலை வரை, ஒவ்வொரு முறை வரும் சிறுநீரையும் கேனில் சேர்க்கவும். கேனை நிழலில் வைக்கவும்.”

கன்னடத்தில் நீரு என்றால் தண்ணீர். சிறு என்றால் கொஞ்சம். கம்பெனிச் சாக்கடை போர்வெல் தண்ணீரில் கலக்கிறது என்று ஊரே பேசுகிறது. டாக்டரம்மாவுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது, நல்ல மூளை. தெருக்குழாயில் முதலில் இருமிக்கொண்டு வருகிற துருத்தண்ணீரை விட்டுவிட வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், காகிதத்திலும் அதையே போட்டிருக்கிறார்கள். பிறகு குழாய் வரும்போதெல்லாம் ஒரு டம்ளர் பிடித்தேன். காலையில், மத்தியானம், சாயங்காலம்.

முனிலட்சுமி சொன்னாள்: “அந்த நர்ஸு பக்கத்து வீட்ல ஒண்ணுக்கு, ஒண்ணுக்குன்னு ஏதோ சொல்லிட்டிருந்துச்சு. காதுல விழுந்துச்சு.”

“காகிதத்துல எங்க இருக்குது? காட்டு பாக்கலாம்” என்றேன்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்க படிச்சவரு” என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனாள்.

4 பிப்ரவரி

கேனை ஈரத்துணி சுற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தேன்.

16 பிப்ரவரி

எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

டாக்டரம்மாவும் நர்ஸும் வீட்டுக்கு வந்தார்கள். தெருவில் நாலு பேர் நின்றார்கள். டாக்டரம்மா கோபமாக இல்லை. “கேன்ல இருந்தது வெறும் தண்ணிங்க. சிறுநீர் கேட்டா குழாய்த் தண்ணி குடுத்திருக்கீங்க” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. சிறு நீர்தானே கொடுத்தேன்?

நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னது: “சிறுநீர்னா ஒண்ணுக்கு தாத்தா. மூத்திரம்.”

எதிர்வீட்டுக் கெம்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான்தான் என்று சொல்ல வேண்டும்.

அப்போது முனிலட்சுமி முன்னால் வந்தாள். “அவரு சரியாத்தான் படிச்சாரு. எனக்குத்தான் இஷ்டமில்ல. அதைப் போயி கேன்ல பிடிச்சிக் குடுக்கறதான்னு கூச்சம். நான்தான் தண்ணிய ஊத்திட்டேன்.”

நர்ஸ் அதை டாக்டரம்மாவுக்குத் தமிழில் சொன்னது. டாக்டரம்மா அவளைப் பார்த்து, “விருப்பமில்லாதவங்களை ஆராய்ச்சியில வெச்சுக்கறது தப்பு. கட்டாயப்படுத்த மாட்டோம். மனசு மாறினா வாங்க” என்றார். போய்விட்டார்கள்.

அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். நான் நின்றேன். தூண் மாதிரி நின்றேன்.

17 பிப்ரவரி

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “இத்தனை வருசம் கழிச்சு ஒரு எழுத்து கத்துக்கிட்டீங்க. அதுக்குள்ள தெருவே சிரிக்கணுமா” என்றாள்.

20 பிப்ரவரி

வகுப்புக்குப் போகவில்லை.

26 பிப்ரவரி

வகுப்பு நடத்தும் வீரலட்சுமி வீடு தேடி வந்தது. மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வேலை முடித்து, பஸ் பிடித்து வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண். “என்ன தாத்தா, லீவா? உங்க இடத்துல ஆஞ்சப்பன் மாமா உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறாரு” என்றது. முதுகு வலி என்றேன்.

பொய். இது என் சொந்தப் பொய். முனிலட்சுமியின் பொய்க்குப் பக்கத்தில் வைத்தால் என்னுடையது எவ்வளவு அற்பம்.

9 மார்ச்

கால் வீக்கத்தில் முனிலட்சுமிக்குச் செருப்பு நுழையவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு ரேஷனுக்குப் போனாள்.

டாக்டர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். இன்றைக்குச் செவ்வாய். பாதி வழி போனேன். வாசலில் க்யூ, எல்லாம் தெரிந்த முகம். திரும்பி வந்துவிட்டேன். எருமைக்குத் தழை ஒடிக்கப் போனதாக அவளிடம் சொன்னேன். தழை எங்கே என்று அவள் கேட்கவில்லை.

14 மார்ச்

வா, நான் கூட்டிப் போகிறேன், மனசு மாறிவிட்டது என்று சொல் போதும் என்றேன்.

“வேணாம்னு சொன்ன வாயால வேணும்னு எப்படிக் கேக்கறது? அந்தம்மா என்ன நெனப்பாங்க?” என்றாள்.

அந்த வாய் எனக்காகப் பொய் சொன்ன வாய். அதை எனக்குக் கடன் கொடுத்துவிட்டு நிற்கிறாள். நான் அவளையே போய்ச் சொல்லச் சொல்கிறேன். சீ.

21 மார்ச்

இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவர அவளுக்கு மூச்சு இரைக்கிறது. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கெம்பம்மாதான் கைத்தாங்கலாக வீட்டில் விட்டாள். விட்டுவிட்டு என்னிடம், “அவளுக்கு ஒண்ணுன்னா உங்களுக்குக் கஞ்சி ஊத்த ஆள் இல்ல, தெரியுதா” என்றாள். தெரிகிறது. நான் பயப்படுவது கஞ்சிக்கு இல்லை.

23 மார்ச்

போனேன். யாரிடமும் சொல்லாமல் போனேன்.

க்யூவில் ஆஞ்சப்பன் எனக்கு முன்னால். அவன் முறை முடிந்ததும் போய்விடுவான் என்று பார்த்தால், மாத்திரைக்காக உள்ளேயே நின்றான். நின்றால் நிற்கட்டும்.

டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து சொன்னேன். “அம்மா, என் வீட்டுக்காரி ஒண்ணும் வேணாம்னு சொல்லல. தண்ணி பிடிச்சது நான். சிறுநீருன்னா கொஞ்சம் தண்ணின்னு நெனச்சிட்டேன். நர்ஸம்மா சொல்ல வந்துச்சு, நான்தான் எனக்குப் படிக்கத் தெரியும்னு அனுப்பிட்டேன். அவளுக்குச் சந்தேகம் வந்துச்சு, அதையும் நான் கேக்கல. அப்புறம் என் மானம் போயிடும்னு அவ பழிய ஏத்துக்கிட்டா.”

ஆஞ்சப்பன் சிரித்தான். “கொஞ்சம் தண்ணியா? அட கரியப்பா” என்றான். க்யூவில் இன்னும் சிலர் சிரித்தார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “அப்ப அவங்களுக்கு விருப்பம் இருக்குதா, இல்லையா?” அதை மட்டும்தான் கேட்டார்.

“இருக்குதுங்க. ஆனா அதை அவகிட்டயே கேளுங்க. நான் இனிமே அவளுக்காகச் சொல்ல மாட்டேன்.”

வெளியே வந்தேன். பாரம் குறைந்தது என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை. வெட்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது அது என்னிடம் மட்டும் இருக்கிறது.

24 மார்ச்

காலையிலேயே நர்ஸ் வந்தது. முனிலட்சுமியைத் தனியாக உட்கார வைத்து, கன்னடத்திலேயே எல்லாம் சொன்னது. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். புதுக் கேனும் கொடுத்தது.

நர்ஸ் போன பிறகு அவள் வெளியே வந்தாள். “ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டீங்களாமே.”

ஆமாம் என்றேன்.

“நான் பட்ட பாடு வீணு” என்றாள். கோபமா என்று தெரியவில்லை.

26 மார்ச்

கேனைப் பகலில், தெரு வழியாக, நானே தூக்கிப் போனேன். குழாயடியில் கெம்பம்மா, “வாத்தியாரே, இன்னைக்கு எந்தக் குழாய்த் தண்ணி?” என்று கேட்டாள். குடம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“வீட்டுக் குழாய்” என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பில் நானும் கொஞ்சம் இருந்தேன்.

6 ஏப்ரல்

முடிவு வந்தது. இருவரும் போனோம். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறதாம். புரதம் என்றால் என்ன என்று நானே கேட்டேன். பருப்பிலும் பாலிலும் இருக்கிற சத்து, உடம்பில் நிற்க வேண்டியது, கிட்னி ஓட்டை சல்லடை மாதிரி அதை வெளியே விடுகிறது என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டு கிட்னியும் பாதிக்கு மேல் வேலையை நிறுத்திவிட்டன. இருப்பதை மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். போனது திரும்பாது.

நர்ஸ் அவளை எடை பார்க்க அழைத்துப் போனபோது நான் கேட்டேன். “அந்த ஒன்றரை மாசம் வீணாப் போச்சுங்களே. அதனால கெட்டதா?”

டாக்டரம்மா சொன்னார்: “அந்த அம்மாவுக்கு இது பல வருசமா இருக்குது. அந்த நாள்ல எவ்வளவு கெட்டதுன்னு என்னால சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகலன்னும் சொல்ல மாட்டேன்.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அதற்குத்தான் கேட்டேன். சொல்லாதது நல்லது.

9 ஏப்ரல்

வகுப்புக்குப் போனேன். ஆஞ்சப்பன் என் இடத்தில் இருந்தான். நகர்ந்து பாதி கொடுத்தான்.

20 ஏப்ரல்

மருந்து ஆரம்பித்து இரண்டு வாரம். காலை முகவீக்கம் வற்றியிருக்கிறது. காலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சாப்பாட்டில் உப்பு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் தனக்கு ஒரு சட்டியிலும் எனக்கு ஒரு சட்டியிலும் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நின்று இரண்டு முறை தாளிப்பது அவளுக்கு முடியவில்லை.

இன்று ஒரே சட்டி போதும் என்றேன். களியும் உப்பில்லாத அவரைக் குழம்பும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

“உங்களுக்கு என்ன கேடு? டப்பா அங்கதான் இருக்குது, போட்டுக்கங்க” என்றாள்.

“வேணாம், இதுவே நல்லாத்தான் இருக்குது.”

“பொய்” என்றாள்.

“ஆமா” என்றேன்.

இன்னொரு உருண்டை களி வைத்தாள்.