கூத்துக்கு இந்தப் பக்கம்

ஆம்பூர்
5.3.2025

வாயை மூடிக்கொண்டிருக்கும் என் அகிலாவுக்கு,

அஞ்சும் எழுதுகிறேன். இப்படி உன்னை அழைக்க நாற்பது வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் கணக்கு டீச்சர் இதைப் பார்த்திருந்தால் வகுப்புக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார்.

உன் வீட்டுக்காரர் போனில் எல்லாம் சொன்னார். தொண்டையில் இருந்தது கெட்ட கட்டி இல்லை, கூத்தில் விடிய விடிய உச்சத்தில் பாடியதால் வந்த காய்ப்பு, எடுத்தாகிவிட்டது என்றார். அல்லாவுக்கு நன்றி. மூன்று வாரம் பேச்சே கூடாதாமே! நீ எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் பார்த்ததால் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். "டைப் பண்ணச் சொல்லுங்கண்ணே" என்றேன். "டைப் பண்ணும்போதே வாயால சொல்லிக்கினே பண்றாம்மா" என்றார். தனசேகரன் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆகவே கடிதம்.

இத்தனை வருடம் நீ துரியோதனனாகக் கிரீடம் வைத்து, தோளில் மரப் புஜக்கட்டை கட்டி ஆடினாய். நான் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தேன். இப்போது என் முறை. நான் சொல்கிறேன், நீ கேள். நோன்பு மாதம் என்பதால் சினிமா இல்லை. ஷூ கம்பெனி பஸ்ஸில் போகவர ஒரு நாவல் படித்து முடித்தேன்.

ரயில்வே கேட்டில் வேலை செய்யும் ஒரு பெண். தினமும் சைக்கிளில் வரும் ஒரு ஆள், சரியாகக் கேட் மூடும் நேரத்துக்கு வந்து, அவளோடு சண்டை போடுவான். முந்நூறு பக்கத்துக்கும் அவர்கள் பேசியது கேட்டைப் பற்றி மட்டும்தான். ஒரு நாள் அவன் வரவில்லை. மறுநாளும் இல்லை. ரயில் போன பிறகு அவள் கேட்டைத் திறந்து, யாரும் இல்லாத ரோட்டைப் பார்த்து, "போங்க, போங்க, லேட்டாயிடுச்சின்னு என்னைத் திட்டாதீங்க" என்கிறாள். அவ்வளவுதான் கதை. கம்பெனி வந்து எல்லோரும் இறங்கியும் நான் எழுந்திருக்கவில்லை. டிரைவர் அந்தோணி திரும்பிப் பார்த்து, "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கேட்கீப்பர் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

பேசாமல் இரு.

உன்,
அஞ்சும்


பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
16.3.2025

அஞ்சும்,

அந்த சைக்கிள்காரன் என்ன ஆனான்? செத்துப்போனானா, வேலை மாற்றலா? நீ சொல்லவே இல்லை. நாவலில் இல்லை என்றால் அந்த எழுத்தாளரை என்னிடம் அனுப்பு. நாலு நாளாக அவனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே தறியில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குக் கரைப் பக்கம் நாடா போட ஆள் வேண்டுமே, அதனால் தப்பிக்க முடியாது. நான் பதில் பேச முடியாது என்று தெரிந்ததும் மனிதர் இருபது வருடப் பேச்சையும் பேசித் தீர்க்கிறார். நேற்று முழுக்க என் சமையலைப் பற்றி. நாடாக் கட்டையால் ஒரு போடு போடலாமா என்று இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு யாரும் கதை சொன்னதில்லை, தெரியுமா? சீசனில் பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் கூத்து. சீசன் இல்லாதபோது தறி. தியேட்டருக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது! கூத்தைக்கூட நான் திரைக்குப் பின்னால் இருந்துதான் பார்த்திருக்கிறேன், அதுவும் அடுத்தது நம் பாட்டு என்ற பதைப்போடு. நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு எந்த வேலையும் இல்லை. அது நன்றாக இருந்தது. இன்னொன்று எழுது.

அகிலா


ஆம்பூர்
6.4.2025

அகிலா,

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. ஃபரா தன் கைக்கு மருதாணி வைத்த மிச்சத்தை அவள் அப்பா விரலுக்கும் வைத்துவிட்டாள். ஆசாத் அந்த விரலை மடக்கியபடியே தொழுகைக்குப் போய்வந்தார்.

நோன்பு முடிந்த ஒரே வாரத்தில் மூன்று படம் பார்த்துவிட்டேன். இரண்டைப் பற்றி எழுதினால் மை வீண். மூன்றாவதில் ஒரு நடிகை. கதாநாயகி இல்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவளாக வருகிறாள். கதாநாயகன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, செத்துப்போன அம்மாவைப் பற்றிப் பெரிய வசனம் பேசுகிறான். தியேட்டரே அவனைப் பார்க்கிறது. என் பழக்கம் உனக்குத் தெரியுமே, பேசுகிறவரை விட்டுவிட்டுப் பேசாதவரைப் பார்ப்பேன். அவள் பாட்டுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே வருகிறாள். அவனைத் தாண்டிப் போகிறாள். பிறகு திரும்பி வந்து, கேட்காமலே ஒரு அப்பளத்தை அவன் இலையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு வசனம் கிடையாது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். "எல்லாரும் ஹீரோவுக்கு அழுவாங்க, நீ அப்பளத்துக்கு அழுவுறியா?" என்றார் ஆசாத். அவள் பெயரைப் படிக்கக் கடைசிவரை நின்றேன். முன்வரிசைக்காரன் எழுந்து சட்டையை உதறி மறைத்துவிட்டான். பெயர் தெரியாத அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும்.

நேற்று சென்னையில் என் தம்பி உஸ்மான் ஒரு நாடகத்துக்குக் கூட்டிப்போனான். சின்ன ஹால். குளிரில் நடுங்கினோம். வறுத்த கடலை கிடையாது, குழந்தை அழக்கூடாது, அப்படி ஒரு கட்டுப்பாடு! நடுவில் ஒரு வயதான நடிகர் வசனத்தை மறந்துவிட்டார். கூட நடித்த பெண் மேசை மேலிருந்த தண்ணீரை எடுத்து அவர் கையில் கொடுத்து, "குடிச்சிட்டு நிதானமா சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல" என்றாள். அவர் குடித்தார். வசனம் வந்துவிட்டது. நாவலிலும் சினிமாவிலும் எனக்கு இது கிடைத்ததில்லை. ஒருவர் விழப்போவதும் இன்னொருவர் தாங்குவதும் நம் கண்ணெதிரே நடக்கிறது.

டாக்டர் என்ன சொன்னார்? உடனே எழுது.

அஞ்சும்


பிள்ளையார்பாளையம்
19.4.2025

அஞ்சும்,

டாக்டர் சொல்லிவிட்டார். பேசலாம். தாலாட்டுப் பாடலாம். கூத்து கூடாது. மறுபடி அந்த உச்சத்தில் பாடினால் பேச்சும் போய்விடும் என்றார்.

நான் நம்பாமல் மாடிக்குப் போய், துரியோதனன் சபைக்கு வரும் பாட்டை எடுத்துப் பார்த்தேன். கீழ்ச் சுரங்களில் குரல் வருகிறது. மேலே ஏறும்போது இழை அறுந்த மாதிரி நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டு அம்சா துணி காயப்போட வந்தவள், கேட்காத மாதிரி இறங்கிப் போய்விட்டாள். அதுதான் தாங்கவில்லை.

முந்தாநாள் கூத்து வாத்தியார் மயில்வாகனம் வந்தார். மாகறல் பக்கத்து ஊரில் பாரத விழாவுக்கு மே மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். "உன் வேஷத்தை நம்ம செட்டுப் பையன் விக்னேஷுக்குத் தரலாம்னு இருக்கறேன். நீ சரின்னு சொன்னாத்தான் தருவேன். சொல்லும்மா" என்றார். பொம்பளை துரியோதனனா என்று ஊரே கேட்டபோது எனக்குக் கிரீடம் வைத்தவர் அவர். அவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வேன்? தலையாட்டினேன். துரியோதனன் விழும் படுகளத்தன்று வந்து முன்னால் உட்கார வேண்டுமாம், மரியாதை செய்வார்களாம். நான் போகமாட்டேன். என் வேஷத்தில் வேறு ஒருவன் நிற்பதைப் பார்க்க என்னால் ஆகாது.

நான் இனி யார், அஞ்சும்? சேலைக்குக் கரை போடுகிறவள், அவ்வளவுதானா?

அகிலா


ஆம்பூர்
25.4.2025

என் கண்ணே அகிலா,

உன் கடிதத்தைக் கம்பெனியில் மெஷினுக்கு முன்னால் வைத்துப் படித்தேன். அன்றைக்குத் தைத்த ஜோடிகளைப் போட்டுக்கொண்டு நடக்கப்போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அம்மா இறந்த வருடம் நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் "ஜுபைதா பெத்த பொண்ணுக்குக் கல்நெஞ்சு" என்று பேசிக்கொண்டார்கள். அந்த வருடமும் உன் கூத்துக்கு வந்தேன். கடைசித் தம்பியும் செத்தான் என்று துரியோதனனுக்குச் செய்தி வருகிறது. நீ பாடவில்லை, கத்தவில்லை. கையைத் தூக்கிக் கிரீடம் தலையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாய். அங்கே உடைந்தேன். கூத்து முடியும் வரை அழுதேன். பக்கத்தில் இருந்த முகம் தெரியாத ஒரு அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நீ செய்தது வெறும் பாட்டாக இருந்தால் எனக்கு அது கிடைத்திருக்குமா? நீ யார் என்று கேட்டாயே, எனக்கு அழக் கொடுத்தவள் நீ.

இந்த வருடம் கம்பெனியில் அவசர ஆர்டர், லீவு கிடையாது. அதனால் கேட்கிறேன். நீ போ. நான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார். எனக்கு அந்தக் கூத்தைக் கடிதத்தில் சொல்லு. இவ்வளவு கதை சொன்னேனே, எனக்கு ஒன்று வேண்டாமா?

அஞ்சும்


காஞ்சிபுரம்
2.5.2025

அஞ்சும்,

வெந்த புண்ணில் நீயும் விரலை வைக்கிறாய். பார்ப்பது உனக்குச் சுகம், எனக்குத் தண்டனை. இனிமேல் கதை எதுவும் எழுதி அனுப்பாதே.

அகிலா


ஆம்பூர்
8.5.2025

அகிலா,

இது கதை இல்லை, அதனால் அனுப்புகிறேன். நான் கேட்டதற்கு வருத்தப்படவில்லை. உனக்கு வலித்ததற்கு வருத்தப்படுகிறேன். மறுபடி கேட்கமாட்டேன். போகாவிட்டாலும் நீ என் அகிலாதான். கோபமாகவே இரு, மருந்தை மட்டும் வேளைக்குக் குடி. புளிப்பு வேண்டாம். ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைக்கச் சொல்லி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

அஞ்சும்


பிள்ளையார்பாளையம்
20.5.2025

என் அஞ்சுமுக்கு,

போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சைக்கிளை எடுத்துத் துடைத்து வாசலில் நிறுத்தி, "நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றார். ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அந்த நடிப்புக்கே நான் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். விக்னேஷ் சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன்.

ராத்திரிக் கூத்து முடிந்து, படுகளத்துக்கு ஜனம் கூடியிருந்தது. வாத்தியார் முன்னால் நாற்காலி போட்டிருந்தார். நான் போகவில்லை. பெண்கள் பக்கம், வெயிலில், ஒரு குழந்தைக்கும் தூக்குவாளிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கீழே இருந்து பார்த்தால் துரியோதனன் எவ்வளவு உயரம்! எனக்குத் தெரியவே தெரியாது. நான் மேலே இருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டையின் பாரமும் கண்ணில் இறங்கும் அரிதாரமும்தான்.

விக்னேஷ் முதல் பாட்டில் சுருதி விட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, திட்டாதே. பிறகு தம்பிகள் எல்லாம் செத்த செய்தி வந்தது. நான் கிரீடத்தைத் தொடும் இடம். அவன் தொடவில்லை. சிரித்தான். சின்னதாக, யாரோ தன்னிடம் விளையாடுகிறார்கள் என்பது போல. என்னைவிட நன்றாக ஆடினான் என்று சொல்லமாட்டேன். அந்த ஒரு இடத்தில் ஆடினான். இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லையே என்று பொறாமைப்படக்கூட நேரமில்லை, அடுத்தது என்ன ஆகும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கதை எனக்கு மனப்பாடம், அஞ்சும். ஆனாலும் இந்தத் தடவை தப்பித்துவிடுவானோ என்று ஒரு நப்பாசை.

பிறகு பீமன் துரத்த, அவன் கூட்டத்துக்குள் ஓடிவந்தான். அந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். துரியோதனன் ஓடிவரும்போது பெண்கள் துடைப்பத்தால் அடிக்க வேண்டும், அடித்தால் வீட்டுப் பீடை போகும். நானும் அந்த அடியை எத்தனையோ வாங்கியிருக்கிறேன், அது வேஷத்துக்கு விழும் அடி என்று அப்போதெல்லாம் சிரித்துக்கொள்வேன். என் பக்கத்தில் இருந்த அம்மா துடைப்பத்தை ஓங்கினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்கம்மா, பாவம், யாருமே இல்ல அவனுக்கு!" என்று கத்தினேன். ஊரெல்லாம் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். கரகரவென்று அந்த அம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது.

நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரும்மா? துரியோதனனுக்குச் சொந்தமா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

"சொந்தம்னா ஓரமா நின்னு அழுவு. வேலையைக் கெடுத்துக்கினு நிக்காத" என்று என்னைத் தள்ளிவிட்டு, அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

ஓரமாக நின்று அழுதேன். அவன் களத்தில் விழுந்து, பாஞ்சாலி கூந்தல் முடித்து, ஜனமெல்லாம் கலைந்து போகும்வரை அழுதேன். எனக்காக இல்லை. என் குரல் போனது அப்போது நினைவிலேயே இல்லை. துரியோதனனாக நான் எத்தனை தடவை செத்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவனுக்காக அழுததில்லை. எனக்கு எங்கே நேரம்? அதை எல்லாம் நீ அழுதிருக்கிறாய். நான் விழும்போதெல்லாம் கூட்டத்தில் எனக்கு ஒரு சொந்தக்காரி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாமலே போயிருக்கும். உனக்கு நன்றி, அஞ்சும்.

பிறகு விக்னேஷிடம் போய், அரிதாரம் கலைப்பதற்குள் அவன் கையைப் பிடித்தேன். கத்திய கத்தலில் குரல் வரவில்லை. அவன் என் காலைத் தொடப் பார்த்தான். "ராஜா யார் கால்லயும் விழக்கூடாது" என்று எழுதிக் காட்டினேன்.

உன்,
அகிலா